நான் சுரண்டி எடுத்த பாதை

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய். மீன் குழம்பு இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாய். கையைக் கழுவி வந்து கூடத்துத் தரையில் உன் பிளானை விரித்தாய், சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளர் வைத்தாய். "எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாரும்மா, உன் கண்ணுக்குத் தப்பாது" என்றாய். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து நீ செய்வதுதான் இது. உன் அம்மா ட்ரேசராக வேலை பார்த்தவள், கோடும் எழுத்தும் பார்க்கத் தெரிந்தவள் என்று உனக்கு ஒரு பெருமை. பார்த்தேன். எழுத்தில் ஒரு தவறும் இல்லை. நீ கிளம்பிப் போன பிறகு மூன்று நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்று உன் அப்பா கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். அது ஆறட்டும் என்று காத்திருந்தேன், ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் கொடுத்தனுப்புகிறேன், உன் ஆபீசில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும்.

செம்பாக்கம் ஏரிக்கரைக் குடிசைகளுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற அந்த நிலம் எனக்குப் புதிதில்லை, உனக்கும் புதிதில்லை. அதன் மேல் வரிசை வரிசையாக வீடு போட்டிருக்கிறாய். வீட்டுக்கு வீடு கார் நிறுத்த இடம், வாசலில் செக்யூரிட்டிக்கு ஒரு அறை, சுற்றிலும் எட்டடி உயரச் சுவர். சுவரை ஒட்டி உள்பக்கமாகப் பச்சைப் பென்சிலால் வளைத்து வளைத்து ஒரு பாதை போட்டு, 'வாக்கிங் ட்ராக்' என்று அழகாக எழுதியிருக்கிறாய். காரில் வந்து இறங்குகிறவர்கள் சாயங்காலம் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்துக்கே சேர ஒரு பாதை. வேலைக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும் வழி இல்லை. "ஏரிக்கரை ஜனங்க போற வழி எங்கடா?" என்று கேட்டேன். "அது வழியே இல்லம்மா. பழைய சுவத்துல ஓட்டை போட்டு உள்ள பூந்து போயிட்டிருக்காங்க, அவ்ளோதான்" என்றாய். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினாய். "பாரு, அந்தக் காலத்து அப்ரூவ்டு பிளான். இதுல பாதைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இப்ப வழி விட்டா ரெண்டு வீடு போயிடும், ஓனர் ஒத்துக்க மாட்டார். நான் போடலைன்னா வேற ஒருத்தன் போட்டுக் கொடுக்கப் போறான்." இதைச் சொல்லும்போது உன் முகத்தில் கொஞ்சமாவது சங்கடம் தெரிகிறதா என்று பார்த்தேன். நீ வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இதை வேறொருவன் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். சொன்னது நீ. கடைசி வருஷத் தீசிஸுக்கு ஊரில் வேறு இடமே இல்லாதது போல ஏரிக்கரைக் குடிசைகளைத்தான் எடுத்தாய். டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்தாய். தெரசா அக்காவின் அடுப்படியை அளக்க அவளை அரை மணி நேரம் வாசலில் நிற்க வைத்தாய். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள், டீ போட்டுக் கொடுத்தாள். அட்டையில் வீடு செய்து, தெரு செய்து, நடக்கிறவர்களுக்கு நிழலுக்கென்று பஞ்சில் மரம் செய்து நட்டாய். அந்த மாடல் இன்னும் நம் பீரோ மேல்தான் இருக்கிறது, வாரா வாரம் நான்தான் தூசி தட்டுகிறேன். "நடக்கிறவனுக்கு இடம் இல்லாத ஊரு ஊரே இல்லம்மா. கட்டடம் கட்டுறது ஒரு போராட்டம்மா, யார் பக்கம் நின்னு கட்டுறோம்ங்கிறதுதான் விஷயம்" என்று சோறு ஆறிப்போகும்வரை பேசுவாய். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க முடியாமல் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களை நாள் முழுக்க நின்று எண்ணி, ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தவன் நீ. அதெல்லாம் மார்க்குக்காகப் பேசியது என்று அப்போதே சொல்லியிருந்தால், நானும் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டிருப்பேன்.

சரி, உன்னைத் திட்டியது இப்போதைக்குப் போதும். இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது உன் அப்பாவுக்கே போன புதன்கிழமைதான் தெரியும்.

நீ நாலாவது படிக்கும்போது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் நான் வேலை பார்த்தது உனக்கு நினைவிருக்கும். சார் பென்சிலில் போட்டுக் கொடுப்பதை ட்ரேசிங் பேப்பரில் மையால் எடுப்பது என் வேலை. அதிலிருந்து நீலக் கோட்டில் அமோனியா பிரிண்ட் எடுத்து பிளான் பாஸ் பண்ண அனுப்புவார்கள். அப்போது நாம் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். உன் அப்பாவுக்கு ஷிப்ட், எனக்கு ஆறு மணிக்கு மேல்தான் ஆபீஸ் விடும். உன் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்த தெரசா அக்காதான் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, நான் வரும்வரை அவள் வீட்டில் வைத்திருப்பாள். மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த நிலத்தின் குறுக்கே ஒற்றையடிப் பாதை வரும். முன்பு நெல் விளைந்த நிலம், அப்போது தரிசு. அஞ்சு நிமிஷ நடை. ஏரிக்கரை ஜனங்கள் பஸ்ஸுக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த வழியாகத்தான் போனார்கள். மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறாகும், அப்போதும் அதில்தான் போனார்கள். சர்வே ஸ்கெட்சிலேயே அந்தப் பாதை புள்ளிக்கோடாக இருந்தது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த நிலத்தை ஒருவர் மனை போட்டு விற்க வாங்கினார். இன்றைக்கு உனக்கு வேலை கொடுத்திருக்கும் ஓனருடைய அப்பாதான் அவர். லேஅவுட் போடும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. நான் ஸ்கெட்சைப் பார்த்து மையில் எடுத்தேன், புள்ளிக்கோட்டையும் சேர்த்துத்தான் எடுத்தேன். திருத்தம் பார்க்க ஒரு பிரிண்ட் எடுத்தோம். சார் சிவப்புப் பென்சிலால் அந்தப் பாதையை அடித்தார். "இது யாரோட பாதைம்மா? பட்டாவுல இருக்கா? நாலு பேரு நடந்தா அது பாதையாயிடுமா? எடுத்துடுங்க" என்றார். "சர்வே ஸ்கெட்ச்சுல இருக்கே சார்" என்றேன். குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்கு சப்மிட் பண்ணணும்மா. நீங்க எடுக்கலைன்னா வேற ஒரு பொண்ணு எடுக்கப் போறா" என்றார். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதே பேச்சு. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை கொஞ்சமும் தேயவில்லை.

எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் கோடு போய்விடுகிற காலத்துப் பிள்ளை நீ. ட்ரேசிங் பேப்பரில் மை போட்டதை ரப்பரால் அழிக்க முடியாது. ஷேவிங் பிளேடைப் பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடித்து, மேலாகச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பேப்பர் ஓட்டையாகும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்காவிட்டால், அதன் மேல் போடும் கோடு ஊறிப் பரவிவிடும். ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சுரண்டிய இடத்தில் மனைக்கோடுகளைப் போட்டேன். பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தழும்பு தெரியும், பிரிண்டில் தெரியாது. சார் பிரிண்டைப் பார்த்துவிட்டு, "உங்க கை சுத்தம்மா" என்றார். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்: அதைக் கேட்டு எனக்கு சந்தோஷமாக இருந்தது. தெரசா அக்காவையோ, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நடக்கிற உன்னையோ அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை. நான் பார்த்தது கோட்டைத்தான்.

சில மாதத்தில் சுவர் எழும்பியது. சுவருக்குக் கல் சுமந்தவர்களே ஏரிக்கரை ஆட்கள்தான். கூலிக்குக் கூப்பிட்டார்கள், போனார்கள். கடைசி இடைவெளியை அடைக்கும் நாளில்தான், தாங்கள் அடைப்பது தங்கள் வழியை என்று அவர்களுக்குப் புரிந்தது. கேட்கப் போனவர்களிடம் பிளானைக் காட்டினார்கள். என் பிளான். அதற்குப் பிறகு எல்லோரும் ஏரிக்கரை மேலேறிச் சுற்றி, ஜல்லி லாரி போகிற ரோட்டோரமாக நடந்தார்கள். நடைபாதை கிடையாது, ஓரத்தில் ஒதுங்கினால் பள்ளம். அந்த ரோட்டில் ஒரு சாயங்காலம் நடந்தது உனக்கு நினைவில்லை என்று நீ சொல்ல முடியாது. எப்போதும் போல உன்னைப் பள்ளத்துப் பக்கம் விட்டு, லாரிப் பக்கம் அவள் நடந்து வந்தாள். லாரி இடித்தபோது உன் கையை உதறிப் பள்ளத்தில் தள்ளிவிட்டாள். உனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆயா வேலை போயிற்று. அந்தக் கால் அதற்குப் பிறகு நேராகவே இல்லை, நீ டேப் வைத்து அளந்தபோது வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதனால்தான்.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலோரம் நின்று அழுதேன். "நீ ஏம்மா அயுவுற, நீ இன்னா பண்ணே? வூட்டுக்குப் போ, புள்ள தனியா கீது" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வேலையை விட்டேன், உனக்குத் துணை வேண்டும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். அதுவும் பொய்தான். ஏரிக்கரை ஆட்கள் ஒருநாள் கடப்பாரையோடு போய்ச் சுவரை இரண்டு பக்கமும் இடித்து ஓட்டை போட்டார்கள். நல்லவேளையாக அந்த மனைக்காரர் வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு வந்தது, மனை விற்கவில்லை, ஓட்டையை அடைக்க ஆளில்லை. இத்தனை வருஷமாக அந்த ஓட்டை வழியாகத்தான் அந்த ஜனங்கள் உயிர் பிழைத்து நடக்கிறார்கள். வழக்கு முடிந்தது. மகன் நிலத்துக்கு வந்தார், பிளான் போட ஆள் தேடினார், என் மகன் கிடைத்தான்.

நீ ஆதாரம் என்று நீட்டினாயே ஒரு ஜெராக்ஸ், அதன் வலது கீழ் மூலையை நீ பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பிளானிலும் அந்த மூலையில் ட்ரேஸ் செய்தவர் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தொழில் படித்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். அதில் இருப்பது என் இனிஷியல். நீ பிறந்த நாளிலிருந்து பார்த்த கையெழுத்து. பெற்றவளின் எழுத்தைக்கூட நின்று பார்க்க நேரமில்லாமல், அதில் பாதை இல்லை என்பது மட்டும் உன் கண்ணில் பட்டிருக்கிறது. என் பொய்யை அஸ்திவாரமாக வைத்து அதன் மேல் நீ வீடு கட்டுகிறாய். எனக்கு எதன் மேல் அதிகக் கோபம் என்று கேட்டால், நான் செய்ததன் மேல்தான். ஆனால் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்து, ஒரு சாரின் கீழ் கைகட்டி நின்று, வாடகை வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு செய்தேன். நீ எல்லாம் தெரிந்து செய்கிறாய். சுவர் என்ன செய்யும் என்று மேடை போட்டுப் பேசத் தெரிந்தவன் நீ. எனக்கு பயம் இருந்தது. உனக்கு என்ன இருக்கிறது, சொல்லு.

தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை, அந்தப் பக்கம் பம்மல் வரை போய்ப் பார். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று மரத்தை வெட்டினார்கள், நடக்கிறவன் சாக்கடை மூடி மேல் ஏறினான். ஏரியை ஒட்டி மனை போட்டார்கள், தண்ணீர் குடிசைக்குள் போயிற்று. யாரோ கெட்டவன் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக இதையெல்லாம் செய்துவிட்டான் என்று நினைக்காதே. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளான் உண்டு. ஒவ்வொரு பிளானையும் நல்ல வெளிச்சத்தில், நல்ல கையெழுத்தில், வீட்டில் நல்ல பிள்ளையென்று பேர் வாங்கிய ஒருவர் உட்கார்ந்து போட்டிருக்கிறார். நான் போட்டேன். இப்போது நீ போடுகிறாய்.

வியாழக்கிழமை காலையில் தெரசா அக்கா வீட்டுக்குப் போனேன். உன் பிளான் விஷயம் எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. "நம்ம தம்பிதான் போடுதாமே?" என்று கேட்டாள், நம்பாத முகத்தோடு. ஆமாம் என்றேன். பிறகு என் கதையையும் சொன்னேன். பிளேடு, நகம், சாரின் பாராட்டு, ஒன்றும் விடாமல். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. டீ போடப் பாலை அடுப்பில் வைத்திருந்தாள், எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். "இத்தினி வர்சமா தெர்ஞ்சிக்கினே என் வூட்டு டீயக் குட்ச்சிக்கினு இருந்தியா?" என்று கேட்டாள். பிறகு, "வாய்ல சொன்னா எவன் நம்புவான்? அத்த எழுதிக் குடு. எங்க குடுக்கணுமோ அங்க குடு. அப்பால இங்க வா" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசில் ஒன்று, தாசில்தார் ஆபீசில் ஒன்று. இந்த நிலத்தில் பாதை இருந்தது, பழைய பிளானில் அதை அழித்தவள் நான், அந்த பிளானை ஆதாரமாகக் கொண்டு எதையும் அனுமதிக்கக் கூடாது என்று என் பெயர், விலாசத்தோடு எழுதியிருக்கிறேன். ஏரிக்கரையில் எல்லோரும் கீழே கையெழுத்தும் ரேகையும் வைத்திருக்கிறார்கள். பழைய சர்வே ஸ்கெட்சைத் தேடி எடுக்கவும் கேட்டிருக்கிறேன். விசாரணைக்கு எல்லோரையும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். உன் ஓனரோடு நீயும் வருவாய். நான் தெரசா அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பொதுவழி விட்டு பிளானைத் திருத்தலாம். ரெண்டு வீடு போகும், போகட்டும். ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. வேறொருவன் போட்டுக் கொடுப்பான் என்றால் அவனையும் எதிர்த்து மனு எழுதுவேன், எனக்கு எழுத்து நன்றாக வரும்.

வெறும் வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள் என்று தெரசா அக்கா கேட்டது எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பரண்மேல் இருந்த உன் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ஆபீசில் வீணாகும் பிரிண்டுகளை நான் எடுத்து வந்து உன் நோட்டுகளுக்கு அட்டை போடுவேனே, கோடு உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கமாக. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கணக்கு நோட்டின் அட்டைக்குள் இருந்தது, பிளேடு படுவதற்கு முன்பு எடுத்த அந்தத் திருத்தப் பிரிண்ட். நீலம் மங்கிவிட்டது, சாரின் சிவப்புப் பென்சில் மங்கவில்லை. அதன் கீழே ஏரிக்கரையிலிருந்து ரோடு வரை புள்ளிக்கோடு முழுசாக இருக்கிறது. அதைத்தான் மனுவோடு இணைத்திருக்கிறேன். வெளிப்பக்கத்தில் லேபிள் ஒட்டியிருக்கிறது, அதில் உன் பெயரும் நாலாம் வகுப்பு என்பதும் உன் கையெழுத்திலேயே இருக்கின்றன. கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்று கேட்டார். இந்தப் பாதையில் நடந்து பள்ளிக்கூடம் போன பையன் என்று சொன்னேன்.